பேசாப் படிக்கட்டு

மைக்கைக் கையில் எடுத்தால் அவன் வாய் தானாக ஓடும். கீழே வைத்தால் பூட்டு விழுந்துவிடும். ஆறு மாதமாக இப்படித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம பஸ்ஸில ஏசி உண்டு, தண்ணி உண்டு, டிரைவர் அண்ணனோட பிரேக்கும் உண்டு. முன்னாடி இருக்கற கம்பியைப் பிடிச்சுக்கிட்டா பல்லு மிஞ்சும்."

பேருந்து சிரித்தது. டிரைவர் வழக்கம்போல் ஒரு முறை பிரேக்கை மிதித்துக் காட்டினார். சுற்றுலா நிறுவனத்தில் அவருக்குப் பிரேக்கண்ணன் என்றே பெயர். இந்த வேடிக்கை அவனுடையது அல்ல. அவன் மனைவி கண்டுபிடித்தது. அவளும் இதே நிறுவனத்தில் வழிகாட்டிதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலை வலிக்கிறது என்றாள், மாலையில் அவளே இல்லை. அதன் பிறகு அவளுடைய பேருந்து, அவளுடைய வழித்தடம், தூரத்திலிருந்து குழுவுக்குத் தெரிவதற்காக அவள் தூக்கிப் பிடிக்கும் மஞ்சள் குடை, அவளுடைய வேடிக்கைகள் எல்லாம் அவன் தலையில் வந்து சேர்ந்தன. அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் தினமும் புதியவர்கள் என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் மனைவியின் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜன்னலோரம் அவன் மகள். அக்காவின் பெரிய பை பேருந்தின் அடிவயிற்றில் கிடந்தது. அதற்குள் மகளின் துணிகளும் இருந்தன. சுற்றுலா முடிந்ததும் பேருந்து ரயில் நிலையத்தில் நிற்கும். மாலை ரயிலில் அக்கா பிள்ளையைத் தன்னோடு கூட்டிப் போகிறாள். அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே வளர்ப்பு. போன வாரம் தொலைபேசியில் அக்கா இதைச் சொன்னபோது அவன் 'ம்' என்றான். வேறு எதுவும் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை.

காலையில் அடுப்படியில் அக்கா பேச்சைத் தொடங்கினாள்.

"தம்பி, நான் சண்டைக்கு வரல. இவ என் தங்கச்சி பெத்தது. நேத்து வந்ததுலேருந்து பாக்கறேன். ஒரு வீடு, ரெண்டு பேரு, மொத்தமா நாலு வார்த்தை. பக்கத்து வீட்டு குக்கர்கூட இதவிட அதிகமாப் பேசுது."

"ம்."

"பாத்தியா? இதுதான் அந்த நாலுல ஒண்ணு."

அவன் தேநீரை இறக்கி வைத்தான்.

"என் வீட்டுல ரெண்டு பசங்க இருக்கு. சந்தையாட்டம் இருக்கும். அந்தச் சத்தத்துல இவளும் வாயத் திறந்துடுவா. இங்க அப்பனும் பொண்ணும் யாரு முதல்ல பேசறதுன்னு பந்தயம் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

அவன் தேநீரை அக்காவின் பக்கம் நகர்த்தினான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கூட்டம் அலைமோதும் பருவம், அன்றைக்கும் அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீ அப்படி என்னதான் வேலை பாக்கறேன்னு நானும் பாக்கறேன்" என்று அக்காவும் பேருந்தில் ஏறிவிட்டாள்.

மகளுக்கு ஆறு வயது. ஆறு மாதத்துக்கு முன்புவரை வீட்டில், பேருந்தில், பள்ளியில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான். மூன்று வயதிலேயே பிரேக்கண்ணனுக்கு வழி சொன்னவள். அம்மா போன பிறகு, வேண்டும் என்றால் தலையாட்டுவாள், வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள், ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். மருத்துவர் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார். அதற்கும் அவன் 'ம்' என்றுவிட்டு வந்தான்.

கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்தது.

அவன் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். முற்றுகை, துரோகம், பட்டாபிஷேகம் என்று வரிசையாகச் சொன்னான். நடுவே, "கோட்டையைப் பத்தி என்ன வேணா கேளுங்க, கழிவறை எங்கன்னு மட்டும் வாசல்லயே கேட்டுடுங்க. உள்ள ராஜாவுக்கே இல்ல" என்றான். சிரித்தார்கள். புதுமணத் தம்பதி ஒன்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டே வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவன் சொல்லும் ஒவ்வொன்றையும் தன் கைபேசியில் சரிபார்த்தார். அவர் மனைவி நிழல் தேடி நடந்தார்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவுக்கு அடியில் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"என்னப்பா, அருவியாட்டம் கொட்டற! நானூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்கெல்லாம் இவ்வளவு வார்த்தை வச்சிருக்க. வீட்டுக்கு ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

குழு வந்து சேர்ந்துவிட்டது. அவன் குடையைத் தூக்கினான்.

"அடுத்து குதிரை லாயம். இந்தப் பக்கம் வாங்க."

"ஒரு நிமிஷம்." தலைமையாசிரியர் கைபேசியை நீட்டினார். "பேசாப் படிக்கட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கே. கட்டாயம் பார்க்க வேண்டியதுல ரெண்டாவது இடம். அதை விட்டுட்டு வெயில்ல லாயத்துக்கு எதுக்கு?"

"ஆமா, நாங்க அதுக்குத்தான் வந்தோம்" என்றாள் புதுமணப் பெண்.

"நிழல் இருக்குமா?" என்றார் தலைமையாசிரியரின் மனைவி.

இருக்கும். அது நிழலுக்காகவே பிறந்த இடம். ராணி முற்றத்தின் பின்பக்கம், எங்கும் போகாத ஒரு கல் படிக்கட்டு. மேலே ஒரு காலத்தில் மாடி இருந்திருக்கலாம், இப்போது சுவர்தான். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

அவன் மனைவி மகளைச் சுமந்துகொண்டிருந்தபோது, எட்டாவது மாதத்திலும் வேலைக்கு வந்தாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. குழு நிற்கும்போது வழிகாட்டி உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் யாராவது படம் எடுத்துப் புகார் எழுதுவார்கள். ஆகவே அவள் எல்லோரையும் உட்காரவைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். போருக்குப் போன ராஜா திரும்பி வர வேண்டும் என்று ஒரு ராணி இந்தப் படியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம், ராஜா வந்துவிட்டானாம். அதனால் இங்கே வருகிறவர்கள் மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டுமாம். கேட்பது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் வாயைத் திறக்கக் கூடாதாம். அந்தக் கடைசி வரியை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக உட்காரக் கிடைக்குமே என்று சேர்த்தாள். வீட்டுக்கு வந்து கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு இதை அவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சில வாரங்களில் பக்கத்து நிறுவனத்து வழிகாட்டி ஒருவர் அதே கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கிடாமீசை வைத்தவர், எல்லாப் போரிலும் தானே கலந்துகொண்டதுபோல் பேசுவார், சக்கரவர்த்தி என்று பட்டம். அவர் வழியாக ஊரில் உள்ள எல்லா வழிகாட்டிகளுக்கும் கதை போனது. பிறகு கைபேசிகளில் ஏறியது. உட்கார்ந்து உட்கார்ந்து படிகள் பளபளத்துவிட்டன.

இந்த ஆறு மாதமாக அவன் மட்டும் அங்கே போகவில்லை. குழுவை லாயத்து வெயிலில் நிறுத்தினான். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

"சரி, வாங்க" என்றான்.

படிக்கட்டில் சக்கரவர்த்தியின் குழு எழுந்துகொண்டிருந்தது. அவர் இவனைப் பார்த்ததும் மீசைக்குள் தயங்கினார். துக்கம் கேட்க வந்தபோது இவன் தோளில் கை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனவர் அவர்.

"வா தம்பி. இடம் சூடா இருக்கு. ராணி இப்பதான் எழுந்து போனா."

குழு படிகளில் உட்கார்ந்தது. அவன் குடையை மடக்கிக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியது மனப்பாடம்தான். ராணி, போர், ராஜா என்று கதையைச் சொல்லி முடித்தான். குரல் எங்கோ பக்கத்து முற்றத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"மனசுல ஒண்ணு நினைச்சுக்கிட்டு, பேசாம உட்காருங்க."

"எவ்வளவு நேரம்?" என்றார் தலைமையாசிரியர்.

"கேக்கறது எவ்வளவு பெருசோ, அவ்வளவு நேரம் வாயத் திறக்கக் கூடாது."

எல்லோரும் அடங்கினார்கள். மாடப்புறா ஒன்று சுவரில் நடந்தது. அவன் சும்மா பார்வையை ஓட்டினான். மேல்படியில், அக்காவுக்குப் பக்கத்தில், மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். மற்றவர்கள் விளையாட்டாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு பேருந்தில் வந்தவள் அவள். இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று அவன் யோசித்தான். பிறகு அன்றைய செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. மகளைப் பக்கத்து வீட்டில் தூங்கவைத்திருந்தார்கள். அம்மா ஊருக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க என்று அந்த வீட்டம்மா சொல்லிவைத்தார். எல்லாம் முடிந்து அவன் திரும்பி வந்தபோது மகள் அதையே அவனிடம் கேட்டாள். அவன் 'ம்' என்றான். அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்றைக்கு ஆரம்பித்திருக்கிறாள். ஆறு மாதமாக இந்தப் படியைவிட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு சில நிமிடங்களில் குழு நெளிய ஆரம்பித்தது. புதுமணத் தம்பதி சிரித்துவிட்டது. எல்லோரும் எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டார்கள். மகள் அசையவில்லை.

"எழுந்திரும்மா" என்றாள் அக்கா. "எல்லாரும் நிக்கறாங்க பாரு."

மகள் கையை எடுக்கவில்லை.

"பாத்தியா தம்பி? இப்படித்தான். ஊமைக் கோட்டானாட்டம். அப்பனுக்குப் பொண்ணு தப்பாமப் பிறந்திருக்கு."

அவன் படியேறிப் போனான். மகளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். குழு நின்றுகொண்டிருந்தது. பேருந்து நேரம் பிசகும் என்று தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

"நீ என்ன கேட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும்."

மகள் கண்ணைத் திறந்தாள்.

"ராணியும் இல்ல, ராஜாவும் இல்ல. அது அம்மா கட்டின கதை. அப்போ நீ அம்மா வயித்துல இருந்த. அம்மாவுக்குக் கால் வீங்கிப்போச்சு. உட்காரணும்போல இருந்துச்சு. கைடு மட்டும் உட்கார்ந்தா ஆபீஸ்ல திட்டுவாங்க. அதான் எல்லாரையும் உட்கார வச்சாங்க. யாரும் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாதுன்னு வாயையும் மூட வச்சாங்க."

தலைமையாசிரியர் கைபேசியைத் தாழ்த்தினார்.

"பேசாம இருந்தா அம்மா வர மாட்டாங்க." அவனுக்குக் கண் கலங்கவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது. "பேசினாலும் வர மாட்டாங்க. அம்மா ஊருக்குப் போகல. செத்துட்டாங்க. நான் கூடத்தான் இருந்தேன்."

அந்தச் சொல்லை அவன் மருத்துவமனையில், வங்கியில், அலுவலகத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறான். வீட்டில் சொன்னதில்லை.

மகளின் கைகள் மெதுவாக மடிக்கு இறங்கின. வெகு நாள் திறக்காத கதவுபோல் குரல் கரகரத்தது.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருவாங்கன்னு சொன்னாங்க."

"அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கும் தெரியல."

"நீங்க கைடுதானே? எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்றீங்க!"

அவள் இரண்டு கையாலும் அவன் தோளில் குத்தினாள். "பாட்டு கிளாஸ்ல டீச்சர் வெளிய நிக்க வச்சாங்க. அப்பக்கூட நான் பேசல. அந்தப் பல்லுப் பையன் என் ரப்பரை எடுத்துக்கிட்டான். அப்பக்கூட. எல்லாம் சும்மாவா? எல்லாம் சும்மாவா?"

"ஆமா" என்றான். "சும்மாதான்."

அவள் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, ஆறு வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். அவன் குத்துகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் அக்கா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ நெட்ல போட்டிருக்கறது..." என்று தொடங்கினார் தலைமையாசிரியர்.

"இந்தப் படிக்கு வந்ததுக்கு நீங்களாவது கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் அவர் மனைவி.

தன் குழுவை முற்றத்தில் விட்டுவிட்டுச் சக்கரவர்த்தி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஆறு வருஷமா இதைச் சொல்றேன். ராஜாவுக்கு எந்தக் கையில வெட்டு விழுந்துச்சுங்கறதுவரைக்கும் சொல்லியிருக்கேன்."

"தெரியும். அந்த வெட்டைக் கேட்டுட்டு வந்து அவ ரெண்டு நாள் சிரிச்சா."

சக்கரவர்த்தி மீசையைத் தடவினார். "நாளைக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"கால் வலிச்ச ஒரு பொம்பளை உட்கார்ந்த இடம்னு சொல்லுங்க. உட்காருவாங்க."

திரும்பும் வழியில் அவன் மைக்கைத் தொடவில்லை. மகள் அவன் பக்கமே பார்க்காமல் அக்காவின் மடியில் சாய்ந்திருந்தாள். விக்கல் அடங்கியதும் ஆறு மாத இருப்பை அவிழ்க்க ஆரம்பித்தாள். ரப்பர் எடுத்த பையன், மாடிப்படியில் குட்டி போட்ட பூனை, அப்பா உப்புப் போட மறந்த சாப்பாடுகள் எல்லாம் வெளியே வந்தன. பிரேக்கண்ணன் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தவர் நடுச்சாலையில் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"வாயாடி வந்துட்டாளா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க மாமா!" என்றது மூன்றாவது வரிசை.

ரயில் நிலைய வாசலில் குழு கலைந்தது. தலைமையாசிரியர் கை கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிரேக்கண்ணன் பையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். அக்கா பையை எடுத்தாள்.

"பேச ஆரம்பிச்சுட்டா. நல்லது. அங்க வந்தா இன்னும் பேசுவா. கிளம்பறோம் தம்பி."

'ம்' தொண்டைவரை வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்துவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, இவ போக வேண்டாம்."

"என்னது? போன வாரம் போன்ல ம்னியே?"

"கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். சரின்னு சொல்லல."

"நல்லாயிருக்கு கதை! இவளுக்கு யாரு தலை வாருவா?"

"நான்தான் வாரறேன்."

"அது வாரினதா? வகிடு ஒத்தையடிப் பாதையாட்டம் எங்கயோ போகுது."

"நேராக்கறேன்."

"சனி, ஞாயிறு வேலைக்குப் போவியே?"

"பஸ்ஸில வருவா. அவங்க அம்மாகூட வந்தவதானே?"

அக்கா பையைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது. "வீட்டுல பேசுவியாப்பா?"

பேசுவேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவன் யோசித்தான்.

"தெரியல அக்கா. பேசிப் பாக்கறேன்."

அக்கா மகள் பக்கம் திரும்பினாள். பிறகு குனிந்தாள். "நீ சொல்லும்மா. பெரியம்மாகூட வரியா?"

"நான் அப்பா மேல கோவமா இருக்கேன்."

"அதான் கேக்கறேன். வரியா?"

"கோவமா இருக்கேன்ல? அங்க வந்துட்டா எப்படிக் கோவமா இருக்கறது? இங்க இருந்துதான் இருக்கணும்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அங்கேயே நடைபாதையில் பையைத் திறந்தாள். மகளின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் அடுக்கினாள். ஒரு சின்னச் சட்டையில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையும் அடுக்கினாள்.

"பள்ளிக்கூட லீவுக்கு அனுப்பி வைக்கணும். அப்பவும் ம்னு சொல்லிட்டு இருந்துடாத. வந்து காதைத் திருகுவேன்."

"அனுப்பறேன்."

ரயில் கூவியது. அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவன் இரண்டு கை நிறையத் துணியோடு நின்றான். குடையைப் பிடிக்கக் கை இல்லை. மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவனைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். கடைத்தெரு முனையில், அவள் அம்மாவின் அதே குரலில், "எல்லாரும் வந்தாச்சா?" என்றாள்.

"வந்தாச்சு."

வேகமாக நடந்தாள். அவனுக்குக் கால் கெஞ்சியது. காலையிலிருந்து நடந்த கால் அல்ல, ஆறு மாதம் நடந்த கால்.

"கொஞ்சம் மெதுவாப் போ. கால் வலிக்குது."

மகள் நின்றாள். பூட்டிய கடையொன்றின் வாசல் மேடையைக் குடையால் காட்டினாள்.

"உட்காருங்க. ஆனா பேசணும்."

உட்கார்ந்தார்கள். துணிக் குவியலை மடியில் வைத்துக்கொண்டான். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"அம்மாவுக்குக் கால் எவ்ளோ வீங்கிச்சு?"

அவன் துணிகளை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"பொய்" என்றாள்.

அவன் கைகளைக் கொஞ்சம் குறுக்கினான்.